பாட்டு ஊருக்கு, பேர் யாருக்கு?

பனியன் கம்பெனியில் பாட்டு இல்லாமல் வேலை நடக்காது. கட்டிங் டேபிள் பக்கம் ஒரு ஸ்பீக்கர், பவர் டேபிள் வரிசையில் இன்னொன்று. ஓவர்லாக் மிஷின் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமே என்று எந்நேரமும் முழு வால்யூம். காலையில் சாமி பாட்டு, பதினொரு மணி டீ வரைக்கும் இளையராஜா, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கண் சொருகாமல் இருக்கக் குத்துப் பாட்டு. திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில் தொடங்கி ஈட்டிவீரம்பாளையம் அப்பேரல் பார்க் வரைக்கும் இதுதான் வழக்கம்.

2021 மார்ச்சில் இந்த வரிசையை ஒரு பாட்டு கலைத்துப் போட்டது. ஒப்பாரியும் ராப்பும் தாலாட்டும் ஒன்றாகக் கலந்த பாட்டு. சினிமாவில் வராத பாட்டு. தமிழ் தெரியாத பீகார், ஒடிசா பையன்கள் கூடச் செக்கிங் டேபிளில் அதை முணுமுணுத்தார்கள். ‘என்ஜாய் எஞ்சாமி’ யாருடைய பாட்டு என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். ‘தீ பாட்டு’ என்பார்கள், ‘சந்தோஷ் நாராயணன் பாட்டு’ என்பார்கள். கொஞ்சம் யோசித்த பிறகு, ‘அந்த இன்னொரு பையன் பாடுவானே’ என்பார்கள்.

அந்த இன்னொரு பையன்தான் அதை எழுதியவர். அரக்கோணத்துக்காரர், அறிவு என்று எல்லாரும் அறிந்த அறிவரசு கலைநேசன். கடந்த சில வருடங்களில் தமிழில் ராப் பாடியவர்களில் இவர் அளவுக்கு வேகமாக மேலே போனவரும் இல்லை, மேலே போன இடத்திலேயே இவர் அளவுக்கு இடி வாங்கியவரும் இல்லை. பாட்டு தோற்று விழுந்தவர்கள் உண்டு. இவர் பாட்டு ஜெயித்து அடி வாங்கியவர். இந்த இதழில் அவர் கதையைச் சொல்ல அதுதான் காரணம்.

தமிழ் ராப்பின் கதை அறிவிடம் தொடங்கவில்லை. மலேசியாவிலிருந்து யோகி பி & நட்சத்ரா 2006ல் கொண்டுவந்த ‘வல்லவன்’ ஆல்பம்தான் இங்கே பல பேருக்கு முதல் அறிமுகம். மறு வருடமே ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பியின் குரல் கேட்டது. அடுத்து நம்ம கொங்கு மண்ணின் முறை. கோயம்புத்தூர்ப் பையன் ஆதி, ஜீவாவோடு சேர்ந்து ‘ஹிப்ஹாப் தமிழா’ என்று கிளம்பினார். 2011ல் சென்னையில் ஒரு எஃப்.எம். ஸ்டுடியோவில் பாடிய ‘கிளப்புல மப்புல’ யூடியூபில் ஓடி, 2012ல் ‘ஹிப்ஹாப் தமிழன்’ ஆல்பம் வந்தது. 2015ல் ‘ஆம்பள’, ‘தனி ஒருவன்’ என்று இசையமைப்பாளர். 2017ல் ‘மீசைய முறுக்கு’ படத்தில் டைரக்டரும் ஹீரோவும் அவரே. இடையில் சறுக்கலும் இருந்தது. அதே 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் முகங்களில் ஒருவராக இருந்தவர், கடைசி நேரத்தில் தான் விலகுவதாக வீடியோ போட்டபோது, அதுவரை தோளில் தூக்கியவர்களே திட்டித் தீர்த்தார்கள். ஆனாலும் மெட்டு, வரி, குரல், கதை, திரை எல்லாவற்றையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டதால் ஆதிக்குப் பேர் பற்றிய சண்டை வந்ததில்லை. சண்டை வேறொரு பையனுக்குக் காத்திருந்தது.

2018 ஜனவரி 6. சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானம். டைரக்டர் பா.ரஞ்சித்தும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் மேடை. கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில். அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியற்ற தமிழர்’ என்ற எண்ணத்திலிருந்து எடுத்த பெயர். கோட் சூட் போட்டு நின்ற அந்தக் கூட்டத்தில் ஒல்லியாக, வேகமாக, மூச்சு விடாமல் வார்த்தையைக் கொட்டிய இளைஞர் அறிவை அன்றைக்கே பல பேர் கவனித்தார்கள். இடஒதுக்கீடு பற்றிய ஒரு விவாதத்தை, தெருமுனையில் நின்று பேசுகிற மாதிரி, ஆடிக்கொண்டே கேட்க வைக்க முடியும் என்று அவர் காட்டினார். மேடைப் பேச்சாளர்கள் நாற்பது வருடமாக முயன்றும் கைகூடாத காரியம் அது என்பது என் எண்ணம்.

2019ல் ஆஃப்ரோ என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து ‘தெருக்குரல்’ ஆல்பம். குடியுரிமைச் சட்டத் திருத்தத்துக்கு எதிரான போராட்டங்களின்போது ‘சண்ட செய்வோம்’. பக்கத்திலேயே சினிமா வாசலும் திறந்தது. ‘மாஸ்டர்’ படத்தில் ‘வாத்தி ரெய்டு’ பாட்டை எழுதி அனிருத்தோடு பாடினார். ஒரு கையில் போராட்டப் பாட்டு, மறு கையில் விஜய் படப் பாட்டு. இரண்டிலும் குரல் மாறவில்லை.

பிறகு பாட்டியின் கதை வந்தது.

அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தும் சொந்தமாக நிலமில்லாமல் கூலி வேலை பார்த்தே குடும்பத்தைக் காத்தவர். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், வள்ளியம்மாளைப் போன்ற தோட்டத் தமிழர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவானது. மீதி ஒன்றரை லட்சம் பேரை எப்படிப் பிரிப்பது என்பதைப் பத்து வருடம் கழித்துப் பேசிக்கொண்டார்கள். காடு வெட்டித் தோட்டம் போட்டவர்களைப் பொருட்களைப் போல எண்ணிப் பங்கிட்ட ஒப்பந்தம். அப்படி வந்தவர்களுக்காக நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்கள் போட்டது, 1969ல் ரெப்கோ வங்கி பிறந்தது. கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வேலைக்கு வந்த டெய்லர்களில் இந்தக் குடும்பங்களின் பேரப் பிள்ளைகள் உண்டு. ‘எஞ்சாமி’ பவர் டேபிளில் ஓடியபோது, அதில் வருகிற பாட்டியை ஏற்கெனவே தெரிந்தவர்கள் அவர்கள்.

நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் பெருமாநல்லூருக்கும் ஒரு சங்கதி இருக்கிறது. 1970 ஜூன் 19 அன்று மின்கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்ட விவசாயிகள் மீது இங்கே துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று பேர் இறந்தார்கள். வருடா வருடம் அவர்களுக்கு வீரவணக்கம் நடக்கிறது, அரசியல்வாதிகள் வருகிறார்கள். அது கிணறும் மோட்டாரும் நிலமும் வைத்திருந்தவர்களின் போராட்டம். அதே தோட்டங்களில் களை எடுத்தவர்களுக்கு, வாய்க்கால் மடை திருப்பியவர்களுக்கு, நினைவுத்தூணும் கிடையாது பாட்டும் கிடையாது. வள்ளியம்மாளின் பேரன் எழுதியது அவர்களுக்கான பாட்டு. இந்த ஊரில் நின்று கேட்கும்போது எனக்கு அது இன்னும் கொஞ்சம் உறைக்கிறது.

2021 மார்ச் 7 அன்று ‘மாஜா’ என்ற இசைத் தளத்தின் யூடியூப் சேனலில் அந்தப் பாட்டு வெளியானது. கனடாவை மையமாகக் கொண்டு தமிழர்கள் நடத்திய தளம், ஏ.ஆர்.ரஹ்மானின் ஆதரவோடு அந்த வருடம்தான் ஆரம்பித்திருந்தார்கள். சினிமாவை நம்பாத தமிழ்க் கலைஞர்களை உலகத்துக்குக் கொண்டுபோவோம் என்பது வாக்குறுதி. தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். தலைப்பில் முதல் பெயர் பாடகி தீ, ‘உடன்’ என்ற இடத்தில் அறிவு. அடுத்த வருடம் பாதி தாண்டுவதற்குள் 40 கோடிப் பார்வைகள். வீடியோவில் வள்ளியம்மாளும் இருந்தார்.

முதல் இடி 2021 ஆகஸ்டில் விழுந்தது. ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும், கனடாவில் வாழும் ஈழத்தமிழ் ராப்பர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். ‘என்ஜாய் எஞ்சாமி’யும் ‘சார்பட்டா பரம்பரை’யின் ‘நீயே ஒளி’யும்தான் அந்தக் கொண்டாட்டத்துக்குக் காரணம். இரண்டு பாட்டிலும் அறிவின் எழுத்து உண்டு. அட்டையில் அவர் இல்லை. அறிவு மறுபடியும் கண்ணுக்குத் தெரியாதவராக ஆக்கப்பட்டிருக்கிறார் என்று பா.ரஞ்சித் வெளிப்படையாக எழுத, சண்டை பெரிதானது. சில நாளில் அதே பத்திரிகை அறிவை வைத்துத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை போட்டது. பந்தி முடிந்து எல்லாரும் கை கழுவிய பிறகு போடுகிற இலைக்கு என்ன மரியாதையோ, அதுதான் அதற்கும்.

இரண்டாவது இடி 2022 ஜூலை 28. சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமர், முதல்வர், உலகம் முழுக்க இருந்து வந்த வீரர்கள் முன்னால் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார். சில நாள் கழித்து இன்ஸ்டாகிராமில் எழுதினார்: மெட்டு, வரி, குரல் எல்லாம் தன்னுடையது, யாரும் தனக்கு ஒரு சொல்கூட எடுத்துக் கொடுக்கவில்லை, தூங்காமல் மாதக்கணக்கில் உழைத்தது, தன் முன்னோரின் அடிமை வரலாறு அது என்பது சாரம். சந்தோஷ் நாராயணன் பதில் எழுதினார். பாட்டின் எண்ணம் எப்படிப் பிறந்தது, தான் இசையில் என்ன செய்தேன் என்று விவரித்து, வருமானம் மூன்று பேருக்கும் சமம் என்றும் அறிவின் மேல் தனக்கு மரியாதை உண்டு என்றும் சொன்னார். எல்லா மேடையிலும் அறிவின் பெயரைத் தான் சொல்லியே வந்ததாகத் தீயும் எழுதினார்.

நாடு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் ‘சாதிதான் காரணம்’, மறு பக்கம் ‘நன்றி கெட்டவர்’. இரண்டு கோஷத்துக்கும் நடுவில் பாட்டு எப்படி உருவாகிறது என்ற பேச்சே காணாமல் போயிற்று.

அதைக் கொஞ்சம் பேசுவோம். சினிமாவில் பாட்டுக்கு மூன்று கட்டங்கள்: இசை, பாடல், குரல். இசையமைப்பாளர் மெட்டைத் தருவார், கவிஞர் அதற்கு வரி எழுதுவார், பாடகர் வந்து பாடிவிட்டுப் போவார். எண்பது தொண்ணூறு வருடமாக நம் தட்டுகளிலும் கேசட் உறைகளிலும் இதே வரிசைதான். ராப் இந்தக் கட்டங்களுக்குள் அடங்காது. வரியை எழுதும்போதே அதன் தாளமும் நிறுத்தமும் ஏற்ற இறக்கமும் சேர்ந்து பிறந்துவிடும். எழுதியவரின் வாயில் வந்தால்தான் அது பாட்டு. அதிலும் ஒப்பாரியிலிருந்து எடுத்தால், மெட்டு பாட்டியிடமிருந்தும் ஊரிடமிருந்தும் வருவது. அதற்குக் கீழே தாளக்கட்டு அமைத்து, கருவிகளை அடுக்கி, ஒரு பெண் குரலைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தி, நாலு நிமிஷத்துச் சொச்சத்துக்குள் உலகம் கேட்கிற மாதிரிச் செய்வது இன்னொரு வித்தை. சந்தோஷ் நாராயணன் இல்லையென்றால் அந்தப் பாட்டு அந்த வடிவத்தில் இல்லை. அறிவு இல்லையென்றால் பாட்டே இல்லை. என் தீர்ப்பைக் கேட்டால் இதுதான். ‘உடன்’ என்ற அந்தச் சின்னச் சொல் அறிவு செய்த வேலைக்குப் போதாது.

திருப்பூர்க்காரனுக்கு இது புரியாத விஷயமில்லை. நூல் போட்டு, துணி ஓட்டி, சாயம் ஏற்றி, வெட்டி, தைத்து, பிசிறு வெட்டி, அயர்ன் போட்ட அத்தனை பேர் கையும் பட்ட டி-ஷர்ட்டின் கழுத்தில் கடைசியாக ஏறுகிற மெயின் லேபிளில் ஜெர்மனிக்காரன் பேர்தான் இருக்கும். பெருமாநல்லூர்ப் பெயர் எங்கேயும் இருக்காது. அதற்கு நாம் கோபப்படுவதில்லை. ஏனென்றால் பையர் ஆர்டர் பேப்பரில் எல்லாம் எழுதியிருக்கிறது: எத்தனை பீஸ், என்ன விலை, எந்தத் தேதிக்குக் கப்பல். சனிக்கிழமை சம்பளமும் கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் டி-ஷர்ட்டில் தைத்தவரின் பாட்டி கதை இருக்காது. பாட்டில் இருக்கிறது. அங்கே பேர் போனால் சம்பளம் மட்டும் போதுமா?

அந்தச் சம்பளமாவது வந்ததா என்ற கேள்விக்கு 2024 மார்ச்சில் பதில் கிடைத்தது. பாட்டுக்கு மூன்று வயது ஆனபோது, பதில் சொன்னவர் அறிவு இல்லை, சந்தோஷ் நாராயணன். இந்தப் பாட்டிலிருந்து இன்றுவரை தனக்கு ஒரு பைசாகூட வரவில்லை, தன் யூடியூப் சேனல் வருமானமும் மாஜா நிறுவனத்துக்கே போகிறது, ரஹ்மானும் இதில் பாதிக்கப்பட்டவர்தான் என்று வீடியோவில் சொன்னார். மாஜா அதை மறுத்து, கலைஞர்களுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறோம் என்றது. யார் கணக்கு சரி என்று முடிவு செய்வது நம் வேலை இல்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்னால் ‘வருமானம் மூவருக்கும் சமம்’ என்று சொல்லி அறிவுக்குப் பதில் எழுதியவரே, இப்போது வருமானமே வரவில்லை என்று கேமரா முன்னால் நின்றார். பேருக்கு அடித்துக்கொண்ட மூன்று பேருமே காசு விஷயத்தில் ஒரே வரிசையில் நின்றிருக்கிறார்கள். 2022ல் ஒருவரையொருவர் திட்டித் தீர்த்த ரசிகர்கள் இந்த வீடியோவுக்கு அவ்வளவாகச் சத்தம் போடவில்லை. ஆளை வைத்துச் சண்டை போடுவது சுலபம், கணக்கு நோட்டை வைத்து யாருக்குப் போடத் தெரியும்?

சட்டம் இதில் கலைஞர் பக்கம்தான் இருக்கிறது என்பது பல இளைஞர்களுக்குத் தெரியாது. 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தை 2012ல் திருத்தினார்கள். மாநிலங்களவையில் இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அதற்காக நின்றார். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி உரிமையை, விரும்பினாலும்கூட, நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது என்பது அந்தத் திருத்தத்தின் உயிர். அதே சட்டத்தின் 57ஆவது பிரிவு, உரிமையை விற்ற பிறகும் ‘இது என் படைப்பு’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் படைத்தவரிடமே விட்டு வைக்கிறது. உரிமையை எழுத்து மூலம்தான் மாற்ற முடியும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். இவ்வளவு இருந்தும், தன் பாட்டுகளை அனுமதியில்லாமல் மேடையில் பாடக் கூடாது என்று 2017ல் எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு நோட்டீஸ் அனுப்பியபோது இளையராஜாவைக் காசுப் பேய் என்று ஏசியது நம் ஊர்தான். உரிமை கேட்பவரைப் பேராசைக்காரராகப் பார்க்கும் அந்தப் பழக்கம் ஐந்து வருடம் கழித்து அறிவின் மேலும் பாய்ந்தது.

வெற்றிக்கு நடுவே அடி வாங்கிய இன்னொரு தமிழ் ராப்பரை உலகம் நன்றாக அறியும். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போருக்குத் தப்பி மறுபடி லண்டன் போன மாதங்கி அருள்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ. 2005ல் அப்பா பெயரில் ‘அருளர்’, 2007ல் அம்மா பெயரில் ‘கலா’ என்று இரண்டு ஆல்பம் போட்டார். ‘கலா’வின் ஒரு பகுதி சென்னையில் பதிவானது, நம் உறுமி அதில் அதிர்கிறது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தில் ரஹ்மானோடு செய்த பாட்டுக்கு ஆஸ்கார் பரிந்துரை வரைக்கும் போனார். ஈழத்தைப் பற்றி வாய் திறந்ததும் அமெரிக்கப் பத்திரிகைகள் அவரைப் போலி என்று எழுதத் தொடங்கின. 2012ல் அமெரிக்க ஃபுட்பால் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் மேடையில் மடோனாவோடு ஏறி, நேரலையில் நடுவிரலைக் காட்டினார். போட்டியை நடத்திய அமைப்பு அவரிடம் 1 கோடியே 66 லட்சம் டாலர் கேட்டது, 2014ல் சமரசமானது. எம்.ஐ.ஏ.வை வீழ்த்தப் பார்த்தது அவருடைய வாய். அறிவுக்கு அந்தப் பேச்சுக்கூடத் தேவைப்படவில்லை. அவரைச் சத்தமில்லாமல் ஓரமாக நகர்த்தி வைத்தார்கள், அவ்வளவுதான். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் வலிக்கும் என்று தோன்றுகிறது.

பங்குனியில் பெருமாநல்லூர் கொண்டத்துக்காளியம்மன் கோயில் குண்டம் நோம்பி. பக்கத்து ஊர் நோம்பிகளுக்கெல்லாம் ஆர்கெஸ்ட்ரா வருகிறது. மூன்று நாலு வருடமாக அதில் இந்தப் பாட்டு இல்லாமல் இருப்பதில்லை. ஜிகினாச் சட்டை போட்ட அறிவிப்பாளர் நடிகர் பெயரையும் இசையமைப்பாளர் பெயரையும் நீட்டி முழக்குவார். எழுதியவர் பெயரைச் சொல்லும் வழக்கம் கண்ணதாசன், வாலியோடு நின்றுபோன மாதிரி இருக்கிறது. சாதி பற்றி அறிவு மேடையில் பேசுகிற பேச்சு இந்தப் பக்கத்தில் எத்தனை காதுகளுக்கு இனிக்கும் என்பது வேறு விஷயம். பாட்டு இனிக்கிறது, ஆட வைக்கிறது, நிலமில்லாதவள் கதைக்கு, நாலு தலைமுறையாக நிலம் வைத்திருப்பவர்களும் ஆடுகிறார்கள். ஆடி முடித்துப் போகும்போது எதையாவது கூட எடுத்துக்கொண்டு போகிறார்களா தெரியாது, ஆனால் ஆடுகிறார்கள்.

அடி வாங்கிய பிறகு அறிவு என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வழக்கு, நோட்டீஸ் என்று அலையவில்லை. ‘தி அம்பாசா’ என்று சொந்தமாக ஒரு இசைக்குழு கட்டினார். பறையும் கிட்டாரும் ராப்பும் கலந்த அந்தக் குழுவோடு ஊர் ஊராக மேடை ஏறினார். மேடையில் நின்று பாடுகிறவனுடைய பெயரை அட்டையிலிருந்து எடுக்கிற மாதிரி எடுக்க முடியாது. 2024ல் ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று ஒரு முழு ஆல்பம் வெளியிட்டார். பாட்டியின் பெயரையே தலைப்பில் வைத்துவிட்டால் இனி யார் கதை என்று யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா? இதில் கோபம் இருக்கிறது, ஆனால் முன்பு இருந்த அவசரம் இல்லை. ‘எஞ்சாமி’ மாதிரி ஒரு பாட்டு ஒரே வாரத்தில் உலகத்தைச் சுற்றி வரவில்லை. வராதது குறை என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆல்பத்தை வரிசையாக உட்கார்ந்து கேட்க வைக்கிறார், இந்தக் காலத்தில் அது பெரிய காரியம்.

சினிமாவும் அவரை விட்டுவிடவில்லை. 2025ல் ரஜினியின் ‘கூலி’யில் ‘சிக்கிட்டு’ பாட்டை எழுதி, டி.ராஜேந்தரோடும் அனிருத்தோடும் சேர்ந்து பாடினார். அந்த ஆகஸ்டில் பெருமாநல்லூர் வட்டாரத்துக் கம்பெனிகளில் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு தூக்கத்தைக் கலைத்தது அதுதான்.

இப்போது பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கிற பையன்களில் சிலரே ராப் எழுதுகிறார்கள். ஷிப்ட் முடிந்து ரூமுக்குப் போய், செல்போனில் இலவசத் தாளக்கட்டு ஒன்றை இறக்கி, போர்வைக்குள் தலையை விட்டுக் குரல் பதிவு செய்து, இணையத்தில் ஏற்றுகிறார்கள். ஏற்றும்போது ஒரு நீளமான படிவம் வரும். யார் எழுதியது, யார் இசை, யாருக்கு எவ்வளவு பங்கு என்று கேட்கும். பெரும்பாலோர் அதைப் படிக்காமல் கீழே இழுத்து ‘சம்மதம்’ என்பதை அமுக்குகிறார்கள். ஆயிரம் பீஸ் ஆர்டருக்கு ஏழு தடவை பேப்பரைப் புரட்டிப் பார்க்கிற ஊர் இது. அந்தப் படிவத்தையும் அப்படிப் பார்க்கச் சொல்லி யாராவது அவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும்.